மதர்போர்டு போகவில்லை: ஒரு பழைய லேப்டாப்பின் பழுதை லினக்ஸில் தேடிய கதை

பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவியின் லேப்டாப் இது. ஏதோ ஒரு அலுவலகத்தில் சில வருடம் உழைத்துவிட்டு செகண்ட் ஹேண்டில் விலைக்கு வந்தது. இன்டெல் ஐ5 8250யூ ப்ராசசர், 8 ஜிபி ரேம், 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, லினக்ஸ் மின்ட். அவள் சொன்ன குறை இரண்டு. ஒன்று, பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கவே அரை நிமிடம் ஆகிறது, டைப் செய்த எழுத்து திரைக்கு வந்து சேரத் தாமதமாகிறது. இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று எதையும் சேமிக்க முடியாமல் போகிறது, ‘ரீட் ஒன்லி’ என்று வருகிறது, அணைத்துப் போட்டால் மறுபடி சரியாகிவிடுகிறது. கடையில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முதலில் டிஸ்க் போய்விட்டது என்று சொல்லி ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டார்களாம், குறை அப்படியே இருந்தது. அப்புறம், “மதர்போர்டு போயிடுச்சு, மாத்தணும்னா லேப்டாப் விலையில பாதி ஆகும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

“அண்ணே, வித்துரலாமா இல்ல ஏதாவது பண்ண முடியுமா?” என்று கேட்டாள். லினக்ஸ் அவளுக்குப் புதிதில்லை. அவளுடைய அண்ணனுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தது, வீட்டில் அதை நோண்டித்தான் பழகியிருக்கிறாள். தமிழ்நாட்டில் 2011-ல் அந்தத் திட்டம் தொடங்கிய பிறகு நிறைய வீடுகளில் முதன்முதலாகப் பார்த்த லினக்ஸ் அதுதான்.

மதர்போர்டு என்ற தீர்ப்பை நான் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வதில்லை. லேப்டாப் பூட் ஆகிறது, திரை வருகிறது, வைஃபை பிடிக்கிறது, அப்படியானால் போர்டில் பெரும்பகுதி வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். எந்த இடத்தில் தடுக்குகிறது என்பதை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் பெரும்பாலும் எழுதிவைத்துவிடும். அதைப் படிக்காமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பதில் காசுதான் போகும். இந்த லேப்டாப்பில் அதுதான் நடந்திருந்தது.

ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன்னால் லைவ் யூஎஸ்பியில், அதாவது டிஸ்கில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸில், பூட் செய்தேன். இதில் இரண்டு பலன் உண்டு. நிறுவியிருக்கும் சிஸ்டத்தின் அமைப்புகள், பின்னணியில் ஓடும் புரோகிராம்கள், அப்டேட் கோளாறுகள் எல்லாம் கணக்கிலிருந்து விலகிவிடும். லைவில் ஓடும்போது உள்ளே இருக்கும் டிஸ்கைத் தொடவேண்டிய அவசியமும் இல்லை. மந்தம் லைவிலும் அப்படியே இருந்தது. ஆனால் ரீட் ஒன்லி பிரச்சினை எட்டிப்பார்க்கவே இல்லை, மணிக்கணக்கில் ஓடவிட்டும் வரவில்லை. ஆக, இரண்டும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் இல்லை, தனித்தனிப் பழுதுகள். ‘மதர்போர்டு’ என்ற சந்தேகம் வந்ததே இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டதால்தான் என்று நினைக்கிறேன்.

முதலில் மந்தம். ப்ராசசர் என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதை லினக்ஸில் பார்க்க எந்த மென்பொருளும் நிறுவத் தேவையில்லை. சிஸ் என்ற கோப்புறைக்குள் டிவைசஸ், சிஸ்டம், சிபியு, சிபியு0, சிபியுஃப்ரெக் என்று வரிசையாக உள்ளே போனால் ‘ஸ்கேலிங் கர் ஃப்ரெக்’ என்று ஒரு கோப்பு இருக்கும், அதில் அந்த நொடியின் வேகம் கிலோஹெர்ட்ஸில் எழுதியிருக்கும். அதை ‘வாட்ச்’ கட்டளையில் போட்டு ஒரு டெர்மினலில் ஓடவிட்டேன். இன்னொரு டெர்மினலில் ஸ்ட்ரெஸ்-என்ஜி கொண்டு எட்டு த்ரெட்டுக்கும் முழுச் சுமை கொடுத்தேன். இந்த ப்ராசசரின் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.4 வரை போகும். இங்கே எண் 400 மெகாஹெர்ட்ஸை விட்டு நகரவில்லை. சுமை கொடுத்தாலும் 400, சும்மா இருந்தாலும் 400.

இந்த இடத்தில் பலர் வேகத்தைத் தீர்மானிக்கும் ‘கவர்னர்’ என்ற அமைப்பில் பவர்சேவ் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு அதுதான் காரணம் என்று முடிவுகட்டி, பெர்ஃபார்மன்ஸ் என்று மாற்றி, ஒன்றும் ஆகாமல் குழம்புவார்கள். இன்டெல் ப்ராசசரின் வேகத்தைக் கையாளும் பிஸ்டேட் டிரைவரில் பவர்சேவ் என்றால் எப்போதும் குறைந்த வேகம் என்று பொருள் இல்லை. சுமை வந்தால் அதுவும் டர்போ வரை ஏற்றிக் கொடுக்கும். பவர்சேவ் இருக்கும் ஆரோக்கியமான லேப்டாப் வேகமாகவே ஓடும்.

அடுத்து சூடு. சென்சார்ஸ் கட்டளையில் 45 டிகிரிக்குப் பக்கத்தில் காட்டியது. இந்த ப்ராசசர் தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொள்ளும் எல்லை 100 டிகிரி. 45 டிகிரியில் இருக்கும் ப்ராசசர் சூட்டுக்குப் பயந்து வேகத்தைக் குறைக்காது. அப்படியானால் வெளியிலிருந்து வேறு யாரோ அதைப் பிடித்து இழுக்கிறார்கள்.

அந்த ‘யாரோ’வுக்கு ஒரு வழி இருக்கிறது. ப்ராக்ஹாட் என்று ஒரு சிக்னல். ப்ராசசர் அளவுமீறிச் சூடானால் அதுவே எழுப்பும் எச்சரிக்கை. அது இருவழிப் பாதையாகவும் வைக்கப்பட்டிருக்கிறது. போர்டில் இருக்கும் மின்சுற்று, சார்ஜிங் சிப், எம்பெடட் கன்ட்ரோலர் (பேட்டரி, ஃபேன், கீபோர்டைக் கவனிக்கும் சின்ன சிப்) ஆகியவையும் அதே கம்பியை இழுத்து ‘மெதுவாகப் போ’ என்று ப்ராசசருக்குச் சொல்லலாம். இதைத்தான் பிடி ப்ராக்ஹாட் என்பார்கள். சிக்னல் வந்துவிட்டால் ப்ராசசர் கேள்வி கேட்காது, அடிமட்ட வேகத்துக்கு இறங்கிவிடும். ஆபரேட்டிங் சிஸ்டம் என்ன சொன்னாலும் எடுபடாது. விண்டோஸ் போட்டிருந்தாலும் இதே 400-தான் வந்திருக்கும்.

சரி, யார் இழுக்கிறார்கள்? சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தேன். வாட்ச் ஓடிக்கொண்டிருந்த டெர்மினலில் 400 என்று நின்றிருந்த எண், பிளக்கை உருவிய சில நொடிகளில் 2,900-ஐத் தாண்டிக் குதித்தது. திரும்பச் செருகினேன், மறுபடி 400. உருவினால் வேகம், செருகினால் மந்தம். அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “எப்பவுமே சார்ஜர்லதாண்ணே போட்டு வச்சிருப்பேன், எடுத்தா சீக்கிரம் ஆஃப் ஆயிரும்” என்றாள். அதனால்தான் இத்தனை நாளும் அது வேகமாக ஓடுவதை அவள் பார்க்கவே வாய்ப்பில்லாமல் போயிருக்கிறது.

பவர் சப்ளை கோப்புறையில் பேட்டரியின் நிலையைப் பார்த்தேன். சார்ஜர் இணைந்திருக்கிறது என்று ஒரு கோப்பு சொல்கிறது, பேட்டரியின் ஸ்டேட்டஸ் கோப்போ ‘நாட் சார்ஜிங்’ என்கிறது. 31 சதவீதம். எவ்வளவு நேரம் செருகி வைத்தாலும் அதே 31. பயாஸ் அமைப்புப் பக்கத்துக்குப் போய் அடாப்டர் வகை என்ற இடத்தைப் பார்த்தால் ‘அன்நோன்’ என்று இருந்தது. விஷயம் அங்கேயே பாதி விளங்கிவிட்டது.

இந்த வகை லேப்டாப்பின் சார்ஜர் பிளக்கில் நடுவே ஒரு மெல்லிய முள் இருக்கும். மின்சாரம் வருவது அதைச் சுற்றியுள்ள உலோக வளையங்களில். நடு முள்ளில் போவது அடையாளத் தகவல் மட்டும். ‘நான் 65 வாட் சார்ஜர்’ என்று அடாப்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன சிப் அந்தக் கம்பி வழியாக லேப்டாப்புக்குச் சொல்லும். அந்தப் பேச்சு கேட்கவில்லை என்றால் லேப்டாப் பத்திரமான பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். எத்தனை வாட் கிடைக்கும் என்று தெரியாத சார்ஜரை நம்பி பேட்டரியை ஏற்றக்கூடாது, ப்ராசசரையும் அவிழ்த்துவிடக்கூடாது என்பது அதன் கணக்கு. கடையில் மீட்டர் வைத்து 19.5 வோல்ட் சரியாக வருகிறது, சார்ஜர் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். வோல்ட் சரிதான். அறுந்திருந்தது அடையாளக் கம்பி, அது வோல்ட் அளந்தால் தெரியாது.

உறுதி செய்துகொள்ள, ப்ராசசரின் உள் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உதவும் எம்எஸ்ஆர் டூல்ஸ் நிறுவி, எம்எஸ்ஆர் மாட்யூலை ஏற்றி, 0எக்ஸ்1எஃப்சி என்ற ரிஜிஸ்டரைப் படித்தேன். அதன் கடைசி பிட் 1 என்றால் பிடி ப்ராக்ஹாட் சிக்னலுக்கு ப்ராசசர் கட்டுப்படும், 0 என்றால் காதில் போட்டுக்கொள்ளாது. படித்த எண் ஒற்றைப்படையாக இருந்தால் கடைசி பிட் 1 என்று அர்த்தம், அதில் ஒன்றைக் கழித்து எழுதினால் போதும். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பு இயக்கத்தில் இருந்தால் கெர்னல் இப்படி எழுதுவதை அனுமதிக்காது, பயாஸில் தற்காலிகமாக அணைக்க வேண்டும். அணைத்துவிட்டு எழுதினேன். சார்ஜர் செருகியபடியே வேகம் ஏறியது. சந்தேகம் தீர்ந்தது.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இதையே நிரந்தரத் தீர்வாக ஒரு சிஸ்டம்டி சர்வீஸில் எழுதி ஒவ்வொரு பூட்டிலும் ஓடவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த சிக்னல் போர்டின் மற்ற பாகங்களுக்கான பாதுகாப்பு. ப்ராசசரின் சொந்தச் சூட்டு எல்லை தனியாக வேலை செய்யும், ஆனால் பவர் கொடுக்கும் மின்சுற்று கொதித்தாலோ, சார்ஜர் தாங்காமல் போனாலோ தட்டிக்கேட்க ஆள் இருக்காது. சோதித்துப் பார்க்க மட்டும் அணைக்கலாம். மறு பூட்டில் பழையபடி ஆகிவிடும், அப்படியே விட்டுவிடுவது நல்லது.

தெரிந்தவர் ஒருவரிடமிருந்து அதே வகை 65 வாட் சார்ஜரை இரவல் வாங்கிச் செருகினேன். பயாஸில் 65 வாட் என்று வந்தது, பேட்டரி ஏற ஆரம்பித்தது, வேகம் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல். பழைய சார்ஜரில் பிளக்கின் கழுத்துப் பகுதியை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மடக்கிப் பிடித்துக்கொண்டு செருகினால் அதுவும் அடையாளம் காட்டியது. கழுத்தில், ரப்பர் முடிந்து ஒயர் தொடங்கும் இடத்தில், வெளியே கீறல்கூட இல்லை. உள்ளேதான் அறுந்திருக்கிறது. மேசை ஓரத்தில் மடங்கி மடங்கித் தொங்கும் சார்ஜர்களில் முதலில் அறுவது இந்த மெல்லிய கம்பிதான், தடித்த கம்பிகள் தாங்கிவிடும்.

புதுச் சார்ஜர் வாங்கியிருக்கலாம். ஆனால் பிளக்கோடு கூடிய டிசி ஒயர் தனியாகக் கிடைக்கும், அதிகச் செலவும் ஆகாது. அடாப்டர் பெட்டியை நான் திறக்கவில்லை, திறக்கவும் சொல்லமாட்டேன். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் பிளக்கை எடுத்த பிறகும் சார்ஜ் தங்கியிருக்கலாம். வெளியே ஒயரை வெட்டி அங்கேயே ஒட்டினேன். வெட்டிய பழைய துண்டில் மீட்டரை, கம்பி அறுபடாமல் இருந்தால் பீப் அடிக்கும் கன்டின்யுட்டியில் வைத்தால் இரண்டு கம்பிகள் பீப் அடித்தன, நடு முள்ளின் கம்பி கழுத்தை வளைத்தபோது மட்டும் அடித்தது. ஒயருக்குள் மூன்று கம்பிகள் உண்டு: கிரவுண்ட், 19.5 வோல்ட், அடையாளம். நிறத்தை நம்பாதீர்கள், பழைய ஒயரில் ஒன்று, புது ஒயரில் ஒன்று இருக்கும். ஒவ்வொன்றையும் பிளக் முனையிலிருந்து மீட்டரில் தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, இணைப்புகளை ஒரே இடத்தில் வராமல் முன்பின்னாகத் தள்ளி சால்டர் செய்தேன். 19.5 வோல்ட் தவறிப்போய் அடையாளக் கம்பியில் பட்டால் லேப்டாப் போர்டில் உள்ள சிப் அடிவாங்கும், அப்புறம் நிஜமாகவே மதர்போர்டு வேலை ஆகிவிடும். லேப்டாப்பில் செருகுவதற்கு முன் மீட்டரில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் செருகினேன்.

இத்தோடு ஒரு பழுது முடிந்தது. இனி ரீட் ஒன்லி.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, நிறையப் பேர் இங்கேதான் தடுமாறுவார்கள். கோளாறு நடந்ததும் அணைத்துப் போட்டுவிட்டு, முந்தைய பூட்டின் கெர்னல் பதிவை ஜர்னல்சிடிஎல் கட்டளையில் தேடுவார்கள், ஒன்றுமே இருக்காது. இருக்காதுதான். பதிவு எழுதப்பட வேண்டிய டிஸ்கே அந்த நொடியில் கைவிட்டுவிட்டது, அதில் எப்படி எழுதும்? கடைசி வரி கோளாறுக்கு முந்தைய நொடியோடு நின்றிருக்கும். ஆகவே கெர்னலின் செய்திகளை டிமெசேஜ் கட்டளையில் நேரடியாகப் பார்க்க வேண்டும், அவை ரேமில் இருக்கின்றன. ஆனால் டிஸ்க் போன பிறகு டெர்மினலைத் திறந்து டிமெசேஜ் என்று அடித்தால், அந்தக் கட்டளையையே டிஸ்கிலிருந்து படிக்க முடியாமல் ‘இன்புட் அவுட்புட் எரர்’ வந்தாலும் வரும். அதனால் முன்கூட்டியே ஒரு டெர்மினலைத் திறந்து, சூடோவோடு டிமெசேஜை ‘ஃபாலோ’ முறையில், அதாவது மைனஸ் டபிள்யூ கொடுத்து ஓடவிட்டு, ஓரமாக வைத்துவிட வேண்டும். கோளாறு வந்ததும் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.

அப்படி வைத்துவிட்டு, டிடி கட்டளையால் முழு டிஸ்கையும், வருவதையெல்லாம் விழுங்கிவிடும் டெவ் நல்லுக்குப் படிக்கவிட்டேன். வெறும் வாசிப்புதான், எதையும் எழுதாது. ஆனால் டிடி-யில் இஃப் (எங்கிருந்து), ஆஃப் (எங்கே) இரண்டையும் மாற்றிப் போட்டால் டிஸ்க் அழிந்துவிடும், என்டர் தட்டுவதற்கு முன் ஒருமுறைக்கு இரண்டுமுறை படிக்க வேண்டிய கட்டளை அது. முதலில் எல்லாம் சுமுகமாகப் போனது. லேப்டாப்பைத் தூக்கி மடியில் வைத்தேன், இடது பக்கம் கை வைக்கும் பகுதியில் உள்ளங்கை அழுந்தியது, சிவப்பு வரிகள் கொட்டின.

டிஸ்க் மாட்டிய சாட்டா போர்ட்டைக் குறிக்கும் ஏடிஏ1 என்று தொடங்கி ‘எக்ஸெப்ஷன்’, ‘ஃப்ரோசன்’, அதன் கீழே ‘பேட் சிஆர்சி’, பிறகு ‘ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்’. சில நொடி கழித்து லிங்க், அதாவது டிஸ்கோடு உள்ள தொடர்பு, மறுபடி எழுந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் திரும்பவும் அதே கதை. சாட்டா வேகத்தை 6.0 ஜிகாபிட்டிலிருந்து 3.0-க்குக் குறைப்பதாகக் கெர்னல் அறிவித்தது, பிறகு 1.5. கடைசியில் லிங்கே எழவில்லை, இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை ஜர்னலை (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவை) நிறுத்திவிட்டு ரீட் ஒன்லிக்கு மாறியது. அவள் சொன்ன அதே நோய், வரி வரியாக.

‘பேட் சிஆர்சி’ என்ற அந்த வார்த்தைதான் இதில் முக்கியம். டிஸ்கிலிருந்து கன்ட்ரோலருக்குத் தகவல் போகும் ஒவ்வொரு முறையும் கூடவே ஒரு சரிபார்ப்பு எண் போகும். வந்து சேர்ந்த தகவல் அதோடு பொருந்தவில்லை என்றால் சிஆர்சி பிழை. டிஸ்குக்குள் தகவல் இருக்கும் கட்டமான செக்டார் கெட்டிருந்தால் பிழை வேறு மாதிரி வரும். சிஆர்சி பிழை என்றால் வழியில் சிதைந்திருக்கிறது. டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவே உள்ள வழி என்றால் கேபிளும் கனெக்டரும்தான்.

டிஸ்கின் உடல்நலக் குறிப்புகளைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் அதையே உறுதி செய்தது. 5-ஆம் எண்ணில் வரும் ரீஅலொகேட்டட் செக்டார் (கெட்டுப்போய் மாற்றப்பட்டவை) பூஜ்யம், செக்டார் சம்பந்தப்பட்ட மற்றவையும் சுத்தம். 199-ஆம் எண்ணான யூடிஎம்ஏ சிஆர்சி எரர் கவுன்ட் மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்தது, நான் அழுத்த அழுத்த ஏறியது. கடையில் கழற்றிக் கொடுத்த பழைய ஹார்ட் டிஸ்கையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி, ஸ்மார்ட்சிடிஎல்லில் டிவைஸ் வகையை ‘சாட்’ என்று கொடுத்துப் பார்த்தால் அதிலும் அதே படம்: செக்டார்கள் நலம், 199 மட்டும் எகிறியிருக்கிறது. நீண்ட செல்ஃப் டெஸ்டும் பிழையின்றி முடிந்தது. அந்த டிஸ்கில் எந்தக் குறையும் இல்லாமலே அதைக் கழற்றியிருக்கிறார்கள். இரண்டு டிஸ்கிலும் ஒரே பிழை இருந்தால் இரண்டுக்கும் பொதுவாக இருப்பதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பொதுவாக இருந்தது கேபிள்.

திறப்பதற்கு முன் கடைசியாக ஒன்று செய்தேன். கெர்னல் பாராமீட்டரில் லிப்ஏடிஏ ஃபோர்ஸ் என்பதில் 1.5 ஜிகாபிட் என்று கொடுத்து பூட் செய்தால் லிங்க் ஆரம்பத்திலிருந்தே குறைந்த வேகத்தில் ஓடும். பிழைகள் வெகுவாகக் குறைந்தன. வேகம் குறைந்தால் தாங்குகிறது என்பது நலிந்த கேபிளின் அடையாளம். அவசரத்துக்குத் தரவைக் காப்பி எடுக்க இது நல்ல வழி, நானும் அந்த நிலையில்தான் அவளுடைய ப்ராஜெக்ட் கோப்புகளை எல்லாம் வெளியே எடுத்தேன்.

பின்மூடியைத் திறந்ததும் பேட்டரி கனெக்டரைக் கழற்றினேன், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். டெஸ்க்டாப்பில் இருப்பது போன்ற சாட்டா ஒயர் லேப்டாப்பில் இருக்காது, காகிதம் மாதிரி மெல்லிய ஃப்ளெக்ஸ் கேபிள் இருக்கும். ஒரு முனை டிஸ்கில், மறுமுனை போர்டில் ஒரு சின்னப் பூட்டுக்குள். இங்கே டிஸ்கைச் சுற்றி இருக்க வேண்டிய உலோகச் சட்டம் இருந்தது, சட்டத்தை டிஸ்கோடும் உடம்போடும் பிடிக்க வேண்டிய ஸ்க்ரூக்களில் ஒன்றுகூட இல்லை. எஸ்எஸ்டி அந்தக் குழிக்குள் சும்மா கிடந்தது. பையில் போட்டுத் தூக்கும் ஒவ்வொரு முறையும், உள்ளங்கை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அது ஆடியிருக்கிறது, ஆட்டத்தை எல்லாம் அந்தக் கேபிள்தான் வாங்கியிருக்கிறது. டிஸ்க் கனெக்டருக்குப் பக்கத்தில் கேபிள் மடங்கும் இடத்தை டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால், செம்புத் தடங்களின் குறுக்கே முடி போல ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது.

பழைய ஹார்ட் டிஸ்க் காலத்திலேயே கோளாறு இருந்ததால் ஸ்க்ரூ அதற்கு முன்பே போயிருக்க வேண்டும். கைமாறி வந்த லேப்டாப்பில் இது அடிக்கடி பார்க்கும் விஷயம்.

கேபிளை லேப்டாப்பின் மாடல் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் பேட்டரி அளவைப் பொறுத்து இரண்டு மூன்று விதக் கேபிள் வரும், நீளமும் மடிப்பும் வேறுபடும். கேபிளின் மேலேயே அச்சடித்திருக்கும் பார்ட் நம்பரைப் படம் எடுத்து அதைக் காட்ட வேண்டும். சென்னையில் இருக்கும் நண்பன், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அந்தப் படத்தைக் காட்டி விசாரித்து வாங்கி அனுப்பினான். மாட்டுவதற்கு முன் போர்டில் உள்ள கனெக்டரை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தேன். 2.5 அங்குல டிஸ்குக்கு எம்3 அளவு ஸ்க்ரூதான், எந்தக் கடையிலும் கிடைக்கும். நான்கு பக்கமும் போட்டு சட்டத்தை இறுக்கிய பிறகு லேப்டாப்பை ஆட்டிப் பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை.

மூடி திறந்திருக்கும்போதே ஃபேனையும் பார்த்துவிடுவது நல்லது. ஃபேன் இறக்கைகள் பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும், அதற்கும் ஹீட் சிங்கின் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசு கம்பளி மாதிரி படிந்திருக்கும். ஃபேனைக் கழற்றினால்தான் அது கண்ணில் படும். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும். தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தது, அதையும் மாற்றினேன். சார்ஜர் சரியானதும் முழு வேகத்தில் ஓடிய ப்ராசசர், ஸ்ட்ரெஸ்-என்ஜி சுமையில் 97 டிகிரிவரை போயிருந்தது. இதற்குப் பிறகு 83-ல் நின்றது. 400 மெகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இந்தத் தூசு யாருக்கும் தெரிந்திருக்காது.

ரேமையும் ஒருமுறை சோதித்தேன், இரவு முழுக்க மெம்டெஸ்ட்86 பிளஸ் ஓடியது, பிழை இல்லை. ரொம்ப நாள் வரை அதன் பழைய பதிப்பு யூஈஎஃப்ஐ முறையில் பூட் ஆகாது, அதனால் புது லேப்டாப்பில் பயன்படாது என்று பலர் விட்டுவிட்டார்கள். 2022-ல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து அந்தத் தடை இல்லை.

இனி சரிபார்ப்பு. லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, கோப்பு முறைமையைச் சோதிக்கும் ஈ2எஃப்எஸ்சிகே-யைக் கட்டாயச் சோதனை முறையில் ஓட்டினேன். அத்தனை முறை பாதியில் அறுபட்ட கோப்பு முறைமை, சில அநாதைக் கோப்புகளைச் சரிசெய்துகொண்டது, பெரிய சேதம் இல்லை. நிறுவிய பேக்கேஜ்களை டிபிகேஜி வெரிஃபை மூலம் ஒப்பிட்டதிலும் கெட்டுப்போன கோப்பு எதுவும் சிக்கவில்லை. சிஆர்சி இருப்பதன் நன்மை இது, சிதைந்த தகவல் கையில் பிடிபட்டு மறுபடி கேட்கப்படும், சத்தமில்லாமல் தவறாக எழுதப்படாது. அப்புறம் டிடி வாசிப்பை முழு டிஸ்குக்கும் ஓட்டினேன், ஓடும்போது லேப்டாப்பைத் தூக்கினேன், சாய்த்தேன், அதே இடத்தில் உள்ளங்கையால் அழுத்தினேன். டிமெசேஜில் ஒரு வரிகூட வரவில்லை. லிங்க் 6.0 ஜிகாபிட்டிலேயே நின்றது. 199-இன் எண்ணிக்கை பழையபடியே இருந்தது. பழுது நீங்கினாலும் அந்த எண் குறையாது, பூஜ்யத்துக்கும் திரும்பாது. இனி ஏறுகிறதா இல்லையா என்பதுதான் கணக்கு. இதைச் சொல்லாவிட்டால் அடுத்து யாராவது அந்த எண்ணைப் பார்த்துவிட்டு இந்த எஸ்எஸ்டியையும் கழற்றிப் போட்டுவிடுவார்கள் என்பதால், சட்டத்தின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அன்றைய எண்ணையும் தேதியையும் எழுதிவைத்தேன்.

திருப்பிக் கொடுத்த பிறகு வைஃபை வரவில்லை என்று ஃபோன் வந்தது. ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று அடிக்கச் சொன்னேன். ‘சாஃப்ட் பிளாக்டு: யெஸ்’ என்று படித்தாள். கீபோர்டில் விமானப் படம் போட்ட பொத்தான் எப்போதோ அழுந்தியிருக்கிறது. அன்பிளாக் செய்ததும் வந்துவிட்டது. அதே இடத்தில் ‘ஹார்ட் பிளாக்டு’ என்று வந்திருந்தால்தான் பக்கவாட்டு சுவிட்சையோ கார்டையோ பார்த்திருக்க வேண்டும்.

மிச்சம் இருப்பது பேட்டரி. எனர்ஜி ஃபுல் டிசைன் 42 வாட் ஹவர், இப்போதைய எனர்ஜி ஃபுல் 29, கிட்டத்தட்ட 69 சதவீதம். உப்பவில்லை, சூடாவதும் இல்லை. ஒரு வகுப்பு முழுக்கத் தாங்குகிறது என்கிறாள், அதனால் இப்போதைக்கு மாற்றச் சொல்லவில்லை. பழைய ஹார்ட் டிஸ்கை ஒரு யூஎஸ்பி உறைக்குள் போட்டுக் கொடுத்திருக்கிறேன், வாரம் ஒருமுறை ஆர்சிங்க் ஓட்டி ப்ராஜெக்டை அதில் காப்பி எடுக்கிறாள்.